கொய்யா இலை வைத்தியம்

மெசேஜை அனுப்பிய பிறகுதான் டெஸ்பாட்ச் கிளார்க் அதைப் படித்துப் பார்த்தார்.

'சார், பல்வலிக்குக் கொய்யால! வாயில போட்டு நல்லா மெல்லுங்க.'

அவர் போனிடம் வாயால் சொன்னது என்னவோ "கொய்யா இல" என்றுதான். கேட்டு எழுதும் போனுக்கு அவசரம். கொய்யாவில் பழம் தின்ன, இலை பல்வலிக்கு, பேர் திட்ட என்று மூன்று உபயோகம் இருக்க, அது மூன்றாவதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அதுவும் இன்றைக்கா! ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் கையெழுத்தை, கன்னம் வீங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் மேனேஜர்தான் போட வேண்டும். அவருக்கு ஐஸ் வைக்கப் போய்த்தான் இந்த வைத்தியம்.

கிளார்க் பதறிப்போய் மெசேஜை அழித்தார். அவர் போனில் மட்டும் அழிந்தது.

"உடனே மன்னிப்புக் கேளுப்பா. விளக்கமா சொல்லு" என்றார் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அக்கா.

டைப் அடிக்கப் பொறுமையில்லை. மறுபடியும் போனிடமே சொன்னார். அது எழுதியது:

'சார், நான் உங்களைக் கொய்யாலன்னு சொல்லல. கொய்யாலன்னுதான் சொன்னேன்.'

இதையும் அனுப்பிவிட்டுத்தான் படித்தார்.

"படிக்காம அனுப்புற வியாதிக்கு எந்த இலையும் கிடையாதுப்பா" என்றார் அக்கா.

இரண்டு டிக்கும் நீலமாயின. கிளார்க் மனைவிக்குப் போன் செய்தார்.

"எழுத்தே வேணாங்க. கொய்யா படத்தை அனுப்புங்க. படம் தப்பாப் பேசாது."

தேடியதில் முதலில் வந்த படத்தைத் தட்டினார். கொய்யா இருந்தது. அதைக் கன்னம் உப்ப அதக்கிக்கொண்டு ஒரு குரங்கும் இருந்தது.

அக்கா தன் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார். "யாராவது கேட்டா, உன்னை எனக்குத் தெரியாது."

இன்டர்காம் அடித்தது. "தம்பி, சார் கூப்பிடுறார்" என்றார் வயதான பியூன்.

உள்ளே மேனேஜர் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். எதிரே ஓர் உத்தரவுத் தாள். பியூன் அதில் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்ட, பேனா அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. வேலை போச்சு என்று கிளார்க் முடிவே கட்டிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார்! கொய்யாலன்னது உங்களை இல்ல சார்! அந்தக் குரங்கையும் உங்க கன்னத்தை நெனச்சு அனுப்பல சார்!"

பேனா நின்றது. மேனேஜர் மெதுவாக நிமிர்ந்தார்.

"கொய்யாலயா? குரங்கா?"

பியூன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப் போங்க தம்பி! சார் கண்ணாடி உடைஞ்சு மூணு நாளாச்சு, வர்ற மெசேஜையெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டுறேன். கொய்யா இலைன்னு திருத்திப் படிச்சு, அந்தக் குரங்கைக்கூட உங்க பிள்ளைன்னு சொல்லி வெச்சிருந்தேனே!"