நாற்பத்தெட்டாம் நாள் சர்க்கரைப் பொங்கல்

ஒரு காட்டில், கிழட்டு இலுப்பை மரம் ஒன்றும் அதைவிடக் கொஞ்சம் உயரமான செல்போன் கோபுரம் ஒன்றும் பக்கம் பக்கமாக நின்ற காட்டில், சென்னியப்பன் என்றொரு மயில் வாழ்ந்துவந்தார். ‘வாழ்ந்துவந்தது’ என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். காட்டோரத்து மலையடிவாரத்தில் முருகன் கோயில் உண்டு. தான் அந்தச் சாமியின் வாகன வம்சம் என்று அவருக்கு நினைப்பு. வம்சத்தில் யாராவது யாரையாவது சுமந்திருக்கலாம். சென்னியப்பன் தன் உடம்பைத் தவிர எதையும் சுமந்தவரில்லை. இப்போது அதுவே பெரும்பாடாகிவிட்டது.

எல்லாம் சர்க்கரைப் பொங்கல் செய்த வேலை. மடப்பள்ளிக்குப் பின்னால் காலையில் ஒரு தொன்னை, உச்சிகால பூஜை முடிந்ததும் இரண்டு தொன்னை. வாகனத்துக்குப் போட்டால் புண்ணியம் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் போட்டார்கள். கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். பூச்சி தேடி மண்ணைக் கிளறியது எந்தக் காலத்தில் என்று அவருக்கே மறந்துவிட்டது.

பொழுது சாயும்போது மயில்கள் மரத்தில் ஏறி அடைந்துவிட வேண்டும். தரையில் தங்கினால் விடியும்போது இறகு மட்டும்தான் கிடக்கும். வாலிபத்தில் சென்னியப்பன் இலுப்பையின் உச்சிக்கிளையில் அடைந்தவர். போன வருஷம் நடுக்கிளைக்கு வந்தார். இப்போது கடைசிக் கிளை. அதற்கே மூன்று தடவை ஓடிப் பார்த்து, நான்காம் தடவை எகிறி, தொங்கி, காலை உதைத்து ஏற வேண்டியிருந்தது. அதற்கும் கீழே கிளை கிடையாது, தரைதான்.

உச்சியிலிருந்து அவர் சம்சாரம் பாவாயி தினமும் குரல் கொடுப்பாள்.

“ஏனுங்க, இன்னைக்காச்சும் மேல வருவீங்களா?”

“காத்து சரியில்ல பாவாயி.”

“காத்து மாசி மாசத்துல இருந்தே சரியில்லீங்க.”

இதையெல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான். நாச்சிமுத்து என்கிற நரி. ஆறு மணி என்றால் டாணென்று வந்துவிடுவான். மரியாதை தெரிந்தவன்.

“அண்ணா, நேத்து நாலு தடவைல ஏறுனீங்க. இன்னைக்கு அஞ்சாயிருச்சுங்ணா.”

“கண்ணு வெக்காதடா.”

“நான் எதுக்குங்ணா கண்ணு வெக்கறேன்? எனக்கு வாய் வெச்சாப் போதும்.”

நாச்சிமுத்துவும் லேசுப்பட்ட உடம்புக்காரன் இல்லை. கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் எறிகிற எச்சில் இலைகளிலேயே வளர்ந்தவன். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தபோது அவன் வயிறு தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கடைசிக் கிளைக்கு ஒரே ஒரு தாவு போதும். அந்த ஒரு தாவுதான் அவனிடம் இல்லை. மயில் தரைக்கு வரட்டும் என்று நரி காத்திருந்தான். நரிக்கு மண்டபத்திலிருந்து ஏதாவது அழைப்பு வரட்டும் என்று மயில் காத்திருந்தார். ஆடி பிறந்தது. ஆடியில் யார் வீட்டில் கல்யாணம்? நரிக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் காட்டுக்குள் மண்டல சவால் வந்தது. மலை உச்சியிலிருந்து இறங்கி வந்த ஒரு வரையாடு அதை நடத்தினார். பாறை விளிம்பில் மூன்று காலில் நின்றபடிதான் பேசுவார். மாஸ்டர் என்றுதான் அவரைக் கூப்பிட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விடியுமுன் எழ வேண்டும். ஓடையைச் சுற்றி இரண்டு நடை, ஐம்பது தாவல். தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. தினமும் ஒரு படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். எந்த உணவின் மேல் அதிக ஆசையோ அதை அடியோடு விட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பழையபடி முதல் நாள்.

“ஒடம்பு கெஞ்சும்! மனசு மிஞ்சோணும்!” என்று மாஸ்டர் கத்தினார். காடே கைதட்டியது. மறுநாள் காலை ஆலமரத்தடியில் பதிவுக்கு வரிசை நின்றது. சென்னியப்பனுக்கு முன்னால் யானை நின்றதால் வரிசை நகர்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒருவழியாக மேஜைக்கு வந்தால், அங்கே மந்தி ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எடை மேடைல ஏறுங்க.”

“தோகையைக் கழிச்சுக்குவீங்களா அம்மணி?”

“ஆமைக்கு ஓட்டைக் கழிச்சமா? ஏறுங்க. போட்டோல காது தெரியலியே?”

“எனக்கு வெளிய தெரியற மாதிரி காது ஏதுங்க?”

“அப்படின்னா காது இருக்குதுன்னு கிராம அலுவலர்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க. மூணு பிரதி.”

சான்று வாங்கி வர இரண்டு நாள் ஆயிற்று. திரும்பி வந்தால் இன்னொரு கட்டம் காலியாக இருக்கிறது என்றாள். ‘இணை’ என்று போட்டிருந்தது.

“தெனமும் தவறாம உங்களைப் பாக்கற ஒருத்தரு வேணும். ஒருத்தர் தப்புப் பண்ணுனா ரெண்டு பேருக்கும் மொத நாள். இணை இல்லாம பதிவு இல்லீங்க.”

சவாலில் சேருகிறாயா என்று பாவாயியை முன்பே கேட்டிருந்தார். “எனக்குத்தான் உச்சிக்கிளை எட்டுதே, நான் எதுக்கு ஓடோணும்?” என்றுவிட்டாள். தினமும் தவறாமல் தன்னைப் பார்க்கிறவர் வேறு யார் என்று சென்னியப்பன் யோசித்தார். யோசித்துக்கொண்டே திரும்பினார். பின்னால் படிவத்தோடு நாச்சிமுத்து நின்றான்.

மயில் பயந்து ஒதுங்கியபோது படிவம் கண்ணில் பட்டது. ‘விடப்போகும் ஆசை உணவு’ என்ற கட்டத்தில் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தான்: மயில்.

சென்னியப்பன் இரண்டு தடவை படித்தார். நாற்பத்தெட்டு நாளைக்கு உயிர் பயம் கிடையாது! மரத்தடியில் நிம்மதியாக உலாவலாம். கடைசிக் கிளையைப் பற்றிக் கவலையே இல்லை. சந்தோஷத்தில் அவருக்குத் தோகை தானாக விரிந்து, பின்னால் நின்றவர்கள் எல்லாம் திட்டினார்கள். பொருட்படுத்தாமல் நரியின் பெயரை இணையாக எழுதி, கால் நகத்தால் கையொப்பமும் போட்டார். நாற்பத்தெட்டுக்குப் பிறகு நாற்பத்தொன்பது என்று ஒன்று வருமே என்பது அன்றைக்கு அவர் மூளைக்கு எட்டவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

காலில் ஆளுக்கொரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். எத்தனை அடி நடந்தோம், இன்றைக்கு எத்தனாம் நாள் என்று அது காட்டும். முதல் வாரம் உயிர் போய் உயிர் வந்தது. இரண்டாம் வாரம் ஆவணி பிறந்தது, வருஷா வருஷம் உதிர்வதுபோல் தோகை உதிர்ந்தது. எடை மேடையில் கால் கிலோ குறைந்திருந்தது. “இதுதான் மன உறுதி!” என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சென்னியப்பன் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் கிருத்திகை. ஓடைக்கரை வரைக்கும் நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனை வந்தது. சென்னியப்பனின் கால்கள் அவரைக் கேட்காமலே கோயில் பக்கம் திரும்பின. நாச்சிமுத்து குறுக்கே வந்து மண்ணில் படுத்துக்கொண்டான்.

“என்னைத் தாண்டிட்டுப் போங்கண்ணா, பாக்கலாம். பன்னண்டு நாள் ஒழைப்பு. ஒரு தொன்னைக்காகப் போகோணுமா?”

அவன் கண் கலங்கியிருந்தது. சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. பெற்ற தாய்கூடத் தன் உடம்பின்மேல் இவ்வளவு அக்கறை காட்டியதில்லையே என்று உருகிப்போனார். அதன்பிறகு இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போலத் திரிந்தார்கள். விடியுமுன் நரி வந்து எழுப்புவான். மயில் அகவி மற்றவர்களை எழுப்புவார். காட்டில் பாதிப் பேர் பத்தாம் நாளிலேயே கழன்றுகொண்டார்கள். முள்ளம்பன்றி நான்கு தடவை முதல் நாளுக்குத் திரும்பி, கடைசியில் பட்டையையே கழற்றி ஓடையில் எறிந்துவிட்டது. இவர்கள் இருவரும் மட்டும் விடவில்லை.

முப்பதாம் நாள் சென்னியப்பன் ஒரே எகிறில் இரண்டாம் கிளைக்குப் போனார். நாச்சிமுத்து அடிமரத்தில் ஓடி ஏறிக் கடைசிக் கிளையைத் தொட்டான். சென்னியப்பன் இறக்கை தட்டிப் பாராட்டினார். நாற்பதாம் நாள் மயில் நடுக்கிளைக்குப் போனார். நரி இரண்டாம் கிளைக்கு வந்தான். அதற்கும் இறக்கை தட்டினார்.

நாற்பத்தேழாம் நாள் பொழுது சாய்ந்தது. சென்னியப்பன் நடுக்கிளையில் உட்கார்ந்து மேல்காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சரசரவென்று சத்தம். நாச்சிமுத்து ஏறி வந்து, மூச்சு வாங்காமல், பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நாளையோட முடியுதுங்ணா.”

“ஆமா தம்பி. நெனச்சே பாக்கல.”

“இந்த ஒடம்பு நீங்க குடுத்ததுங்ணா. நாளன்னைக்குக் காலைல வெரதம் முடிக்கறப்ப உங்களை நெனச்சுக்குவேன். ஒரு எலும்புகூட வீணாக்க மாட்டேன்.”

சென்னியப்பனுக்குக் கொண்டை சில்லிட்டது. அப்போதுதான் நாற்பத்தொன்பது என்கிற எண் அவர் மண்டைக்குள் நுழைந்தது.

“ஏன் தம்பி, நாமதான் இவ்வளவு நாள் பழகிட்டமே?”

“அதனாலதானுங்ணா! பழகாத மயிலுக்காகவா நான் இத்தனை நாள் வாயைக் கட்டினேன்?” என்று நாச்சிமுத்து அவர் முதுகில் அன்பாகத் தட்டிவிட்டு இறங்கிப் போனான்.

சென்னியப்பன் மாஸ்டரிடம் ஓடினார். போட்டியாளர்களின் சொந்தச் சாப்பாட்டு விஷயத்தில் தலையிடுவதில்லை என்று படிவத்தின் பின்பக்கம் அச்சடித்திருப்பதை மாஸ்டர் காட்டினார். சென்னியப்பன் திரும்பி வந்து உச்சிக்கிளைக்குப் பறந்து பார்த்தார். முக்கால் வழியில் சறுக்கி நடுக்கிளைக்கே வந்து விழுந்தார். வேறு வழியில்லாமல் பாவாயியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாவாயி பொறுமையாகக் கேட்டாள். “ஏனுங்க, கண்ணாலம் ஆகி எட்டு வருசமாச்சு. எடுத்த காரியம் எதையாச்சும் நீங்க முடிச்சிருக்கீங்களா? கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போனீங்க, இன்னும் வந்தபாடில்ல. இதை மட்டும் எதுக்கு இவ்வளவு அவசரமா முடிக்கறீங்க?”

சென்னியப்பன் அழுகையை நிறுத்தினார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. மடப்பள்ளிக்குப் பின்னால் சென்னியப்பன் மூன்று தொன்னை சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டார். ஆற அமர, முந்திரியைத் தனியாகப் பொறுக்கிச் சாப்பிட்டார். அலகில் நெய் வழிய ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார். அடுத்த நிமிஷம் நாச்சிமுத்து தலைதெறிக்க ஓடி வந்தான்.

“துப்பீருங்ணா! துப்பீருங்க! ஒரே ஒரு நாளுங்ணா!”

“தப்பு நடந்துபோச்சு தம்பி. ஆசை விடல.”

நரியின் உதடு மேலேறிப் பல் தெரிந்தது. நாற்பத்தெட்டு நாள் தாவிப் பழகிய கால்கள் பின்னால் மடங்கின. சென்னியப்பனுக்கு உயிர் பொங்கலோடு சேர்ந்து தொண்டையில் நின்றது. ஓடக்கூட முடியவில்லை, மூன்று தொன்னை.

நாச்சிமுத்து கண்ணை மூடினான். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட்டான். “கட்டுப்பாடு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு குனிந்து மயிலின் காலில் இருந்த பட்டையை அழுத்தினான். அது ‘முதல் நாள்’ என்று காட்டியது. தன் பட்டையையும் அழுத்தினான்.

“காலைல நாலரைக்கு வந்துருவேன். எந்திரிச்சு நில்லுங்க,” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சியபடி நடந்தான்.

இதெல்லாம் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. இப்போது ஏழாவது சுற்று. ஒரு சுற்றில் நாற்பத்தெட்டாம் நாள் சென்னியப்பன் தூங்கிப்போனார். ஒரு சுற்றில் படம் போட மறந்தார். இன்னொன்றில் யாரோ கொடுத்தார்கள் என்று பானகம் குடித்துவிட்டார். மற்றவற்றில் எல்லாம் பொங்கல்தான். உடம்பு தேறி இப்போது உச்சிக்கிளைக்கே பறக்கிறார். நாச்சிமுத்துவும் உச்சிக்கிளைக்கே வந்து அவரை எழுப்புகிறான். பாவாயி செல்போன் கோபுரத்துக்குக் குடிபோய்விட்டாள்.

காட்டில் இவ்வளவு நாள் சவாலில் நின்றவர் வேறு யாரும் இல்லை என்பதால், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ‘விடாமுயற்சி’ என்ற தலைப்பில் சென்னியப்பனைப் பேசச் சொல்கிறார் மாஸ்டர். “விழுந்தால் எழுந்திருங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை தடவை ஆனாலும் தொடங்குங்கள்!” என்று சென்னியப்பன் பேசும்போது குரல் தழுதழுக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து நாச்சிமுத்துதான் முதலில் கைதட்டுவான்.

நேற்று நாற்பத்தேழாம் நாள். இருவரும் உச்சிக்கிளையில் உட்கார்ந்திருந்தார்கள். நரிக்கு மோவாயில் நரை விழுந்துவிட்டது. உடம்பு கயிறு மாதிரி முறுகியிருந்தது.

“இந்தத் தடவை முடிச்சுருவோம்ங்ணா. உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்குது.”

“முடிச்சுருவோம் தம்பி,” என்றார் சென்னியப்பன். இப்படி ஒரு நல்லவனை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. அந்த வலியோடு, நாளைக்கு மடப்பள்ளி எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

நீதி: வாழ்க்கையில் மன உறுதி மிக மிக அவசியம். அது உன்னைத் தின்னக் காத்திருப்பவனிடம் இருந்தால் போதும்.