கேமரா வந்துக்கிட்டே இருக்கு

இனிமேல் முகம் உள்ள மனிதர்களைத்தான் படம் எடுப்பது என்று ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இந்த ஊரில் பாதிப் பேரை நான் படம் எடுத்திருக்கிறேன். ஒருவர்கூட அதை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டியதில்லை. என் படங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் எலும்பு டாக்டர். அதுவும் ஏதாவது ஒடிந்திருந்தால்தான்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கேமரா வந்தது. வந்ததாகச் சொன்னார்கள் என்பதுதான் சரி. சட்டைப் பைக்குள் அடங்கிவிடுமாம். எவ்வளவு கூட்டத்திலும் முகம் பளிச்சென்று விழுமாம். அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். பார்த்தவர்களைத்தான் யாரும் பார்த்ததில்லை.

ஆசை வந்துவிட்டது. அனுமதி வர வேண்டுமே! என் பழைய ஆசைகள் எல்லாம் வீட்டிலேயே தூசி படிந்து கிடந்தன. கிடார் பீரோவுக்கு மேலே. உடற்பயிற்சி சைக்கிள் பால்கனியில், ஈரத் துண்டுகளுக்கு அடியில். எனவே ஒரு தந்திரம் செய்தேன்.

"ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன் மனைவியிடம்.

"துண்டு காயப்போட இடம் போதலையா?"

"எனக்கில்லம்மா. உன் தம்பி கல்யாணத்துக்கு. முழுசும் நானே எடுக்கிறேன். வெளியாளைக் கூப்பிட்டா அவனுக்கு நம்ம சொந்தக்காரங்க முகம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கு கடைத்தெருவுல என் அத்தையைப் பார்த்துட்டு யாருன்னே தெரியாம முழிச்சீங்க. அவங்க நொண்டி நடந்ததும்தான், 'அடடே, இடது முட்டியா!'ன்னு கேட்டீங்க."

"அதனாலதான் சொல்றேன். நானும் முகம் பழகணும் இல்லையா?"

"சரி, வாங்குங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொன்னதில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நானோ வாயெல்லாம் பல்லாகக் கடைக்கு ஓடினேன்.

கேமராக் கடைக்காரர் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர்.

"அதுங்களா? அது இல்லீங்களே."

"எப்ப வரும்?"

"வரும்போது வரும். உங்களுக்கு முன்னாடி நிறைய பேர் காத்திருக்காங்க. பேரும் போன் நம்பரும் குடுத்துட்டுப் போங்க. முறை வந்தா கூப்பிடறேன்."

அன்று முதல் ஆஸ்பத்திரி விட்டால் கேமராக் கடை. என் தலையைக் கண்டதுமே அவர் உதட்டைப் பிதுக்குவார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மற்ற கேமராக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். திரும்புவேன்.

நான் தினமும் அந்தப் பக்கம் போவது மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கேமராக் கடைக்குத்தானே போறீங்க? பக்கத்துல தையல்காரர்கிட்ட என் துணியை வாங்கிட்டு வந்துடுங்க" என்பாள். மறுநாள் தக்காளி. அதற்கு மறுநாள் மாமியாருக்கு மாத்திரை. கை நிறையப் பைகளோடு வருவேன். கேமரா மட்டும் இருக்காது.

"என்னாச்சு?"

"வந்துக்கிட்டே இருக்கு."

இதற்குள் செய்தி பரவிவிட்டது. மருமகன் போட்டோ எடுக்கப் போகிறார் என்று மாமியார் தெருவுக்கே சொல்லியிருந்தார். மனைவியின் சித்தப்பா எனக்காகவே புதுப் பல்செட் கட்டிக்கொண்டார். கல்யாணப் பையனான என் மச்சான் போனில், "மாமா, உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்றான். இவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நடக்கப்போகிற காரியம். ஒரு படம்கூட இல்லாமல் போனால் அந்தப் பாவம் என் தலையில்தானே விடியும்? பொண்டாட்டி முகத்தில் பிறகு எப்படி விழிப்பது?

எதிர்வீட்டுக்காரரிடம் கேமரா இரவல் கேட்டேன். அவர் பரணிலிருந்து ஒரு தோல் பெட்டியை இறக்கினார். உள்ளே கரப்பான் பூச்சி குடும்பத்தோடு இருந்தது. எளிதில் தேதி கிடைக்காத போட்டோக்காரர் ஒருவருக்கு ஆள் விட்டுக் கேட்டேன். அந்தத் தேதியில் அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் இருக்கிறதாம். கல்யாணத்துக்கு முந்தின நாளும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குத் தெரிந்தது எலும்பு. எலும்பையே நம்பினேன். நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மாவுக்கட்டு போடுகிற நண்பரிடம் போய் வலது கையை நீட்டினேன்.

"எங்க ஒடிஞ்சிருக்கு?" என்றார்.

"இன்னும் ஒடியல. நீங்க கட்டலைன்னா வீட்ல ஒடியும்."

அவரும் கல்யாணமானவர். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் முழங்கை வரை கட்டிவிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு முனகல் போட்டேன். மனைவி வெளியே வந்தாள்.

"ஐயோ, என்னங்க இது?"

"படிக்கட்டுல வழுக்கிட்டேன். மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. நாளைக்குப் படம் எடுக்க முடியாது போலிருக்கு. கேமரா வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல பாரு."

"எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"எடுக்காம? ரெண்டு துண்டு!"

"யார் எடுத்தா?"

"எங்க ஆஸ்பத்திரியில என்னை விட்டா யாரு? நானேதான்."

"ஒடிஞ்ச கையை மெஷினுக்கு அடியில வச்சுக்கிட்டு, அடுத்த ரூமுக்குப் போய் சுவிட்சையும் நீங்களே அமுக்கினீங்களாக்கும்?"

எக்ஸ்ரே எடுப்பவன் சொல்லக்கூடாத பொய் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"உன் தம்பி கல்யாணத்தைக் கெடுத்துட்டேம்மா. கேமரா வரவே இல்ல."

"வந்துடுச்சே" என்றாள் அவள், என் மாவுக்கட்டில் ஒரு டம்ளர் காபியை நிற்கவைத்தபடி.

"என்னது?"

"போன மாசமே வந்துடுச்சு. எக்ஸ்ரே ரூமுக்குள்ள போன் எடுக்க முடியாதுன்னு கடையில என் நம்பரைத்தானே குடுத்தீங்க? என்னைத்தான் கூப்பிட்டாரு."

"கேமரா எங்க?"

"போட்டோக்காரர்கிட்ட இருக்கு. யாருக்கும் தேதி கிடைக்காதுன்னு சொல்வாங்களே, அவருதான். வரிசையில உங்களுக்கு அடுத்த பேரு அவரோடது. அவரும் அந்தக் கேமராவுக்கு உயிரை விட்டுக்கிட்டு இருந்தாரு. 'என் தம்பி கல்யாணத்தை எடுக்கிறதா இருந்தா எங்க முறையை எடுத்துக்குங்க'ன்னேன். ஓடி வந்தாரு."

அப்படியென்றால் நான் ஆள் விட்டுக் கேட்டபோது அவர் சொன்ன அந்த இன்னொரு கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணம்தான்!

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் நாயா அலைஞ்சேனே!"

"சொன்னா நீங்க விட்டுக்குடுத்திருப்பீங்களா? அப்புறம், நீங்க தினம் அந்தப் பக்கம் போனதுல தையல், காய்கறி, மருந்து எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கணும்னுதான் கடைக்காரர்கிட்டயும் சொல்லி வச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ நகர்த்திவிட்டது போலிருந்தது. மச்சான் கல்யாணத்துக்குப் படம் உண்டு. சித்தப்பாவின் பல்செட் வீண்போகாது. என் மானமும் நாலு சுவருக்குள்ளேயே தப்பித்தது. காபி அவ்வளவு ருசியாக ஒருநாளும் இருந்ததில்லை. இடது கையால் குடித்ததில் பாதி சட்டையில் போனதுகூடத் தெரியவில்லை.

"காலையில முதல் வேலையா இந்த மாவுக்கட்டை வெட்டி எடுத்துட்டு வாங்க. நாற்காலி போடணும்" என்றாள்.

போட்டேன். ஓடியாடிப் போட்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கல்யாணத்திலும் வேலை செய்ததில்லை.

மண்டபத்தில்தான் அந்தக் கேமராவை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். கறுப்பாக, சின்னதாக, போட்டோக்காரர் உள்ளங்கையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "குடும்பத்துல எல்லாரும் மேடைக்கு வாங்க" என்றார். மாமியார், சித்தப்பா, முட்டி அத்தை எல்லாரும் ஏறினார்கள். நானும் தலையை வாரிக்கொண்டு ஏறி, மனைவி பக்கத்தில் நின்று சிரித்தேன்.

போட்டோக்காரர் மேலே பார்த்தார். "வெளிச்சம் போதலை. இந்த லைட்டை யாராவது கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்கணுமே!"

"அவர்கிட்ட குடுங்க சார்" என்றாள் என் மனைவி, சிரித்த முகம் மாறாமல் கேமராவையே பார்த்தபடி. "எவ்வளவு நேரம்னாலும் நிப்பாரு. கடை வாசல்ல நின்னு பழகினவரு."