பூட்டி வைத்த மனு

அன்று காலை காளிராஜ் கம்ப்யூட்டரை மவுஸால் ஓங்கி அடித்தார். மவுஸ் உடைந்தது. கம்ப்யூட்டர் அசையவில்லை. திரையில் ஒரு வட்டம் மட்டும் முக்கால் மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் அவர் ஊர். பன்னிரண்டு ஏக்கர் நிலமும் கண்மாய்ச் சங்கத்தில் செயலாளர் பதவியும் இருந்தன. இரண்டையும்விட அவருக்குப் பெரிது மனு எழுதுவது. ஊரில் பஸ் நிற்காவிட்டால் மனு. நின்ற பஸ் சட்டென்று கிளம்பிவிட்டால் அதற்கும் மனு. ஒவ்வொன்றும் 'டேய்' என்று ஆரம்பிக்காத குறைதான். பதில் வராததால் கோபம் கூடியது. கோபம் கூடக்கூட மனு நீண்டது.

இந்தத் தடவை விஷயம் நிஜமாகவே பெரியது. கண்மாயின் பெரிய மடையில் ஷட்டர் துருப்பிடித்து உடைந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் மாட்டாவிட்டால் விழுகிற தண்ணீரெல்லாம் ஓடையோடு போய்விடும். ஊரில் ஒருத்தருக்கும் நெல் கிடையாது. இந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது.

அவர் மனைவி முருகேஸ்வரி நரிக்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். புருஷன் கத்திவிட்டு வயலுக்குப் போனதும் ஒரு பென்டிரைவைச் சொருகினாள். பெட்டி அதிலிருந்தே கண் விழித்தது. உள்ளே கிடந்த மனுக்களையெல்லாம் முதலில் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தாள். பிறகு விண்டோஸை வழித்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றினாள்.

திரும்பி வந்த காளிராஜுக்கு மண்டை காய்ந்துவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பழைய பெட்டி, புது விண்டோஸைத் தாங்காது, லினக்ஸ் என்றால் ஓடும், பள்ளிக்கூடத்தில் எல்லாம் அதுதான் என்று அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அவர் நம்பவில்லை. ஒரு மனுவைத் திறந்தார். தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும் கமாவுமாகக் கோழி கிளறிய குப்பை மாதிரி கிடந்தது. இருபது வருஷத்துக் கோபமும் போச்சே என்று குதித்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் டைப் அடித்தது பழைய காலத்துத் தமிழ் ஃபான்ட்டில். அந்த ஃபைலைத் தேடி எடுத்து ஃபான்ட் ஃபோல்டரில் போட்டாள். மனு மறுபடி தமிழாயிற்று. ஒரு வசவுகூடக் குறையவில்லை. பிரிண்டராவது மக்கர் பண்ணும் என்று எதிர்பார்த்தார். வயரைச் சொருகியதும் அது தானாகவே சேர்ந்துகொண்டது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் அவருக்கு இன்னும் கோபம்.

அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து மடை மனுவை அடித்தார். ஐந்து பக்கம். பெரிய அதிகாரியின் சோம்பேறித்தனம் ஒரு பக்கம், சின்ன அதிகாரியின் தொந்தி ஒரு பக்கம். மடையின் அளவும் சர்வே நம்பரும் மூன்றாம் பக்கத்தில் நடுவில் நசுங்கிக் கிடந்தன. இதைக் கொடுத்தால் மடை வராது, போலீஸ்தான் வரும் என்றாள் முருகேஸ்வரி. என் மனுவை இனி நீ படிக்கவே கூடாது என்று தனி அக்கவுன்ட்டும், தனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டும் கேட்டார். மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தாள்.

அதோடு விடவில்லை. அவளுடைய அக்கவுன்ட்டையே தூக்கிவிட்டால் தொல்லை தீரும் என்று தோன்றியது. போனில் தேடி ஒரு கட்டளையைக் கண்டுபிடித்து, பெட்டிக்கு உத்தரவு போடும் 'சுடோ' என்ற சொல்லில் ஆரம்பித்து எழுத்தெழுத்தாக அடித்தார். பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. போனைக் காட்டி அர்த்தம் பார்த்தார். 'உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்பட்டது.'

காளிராஜுக்கு வியர்த்தது. எல்லார்மேலும் புகார் செய்தவர் அவர். அவர்மேல் ஒரு புகார் போனது இதுதான் முதல் தடவை. மெதுவாக அடுப்படிக்குப் போனார்.

"இந்தப் பெட்டிக்கு நிர்வாகின்னு எவனாச்சும் இருக்கானா?"

"இருக்காகளே."

"எந்த ஊர்க்காரன்?"

"நாந்தாங்க. பெட்டியில எந்த ஃபைலையும் நான் தொறக்கலாம். உங்க பேரை ரெண்டாவதாத்தான் சேத்தேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், அங்கே டீ சரியில்லை என்று சண்டை போட்டார்.

திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். காலையில் மனுவை அவரே பிரிண்ட் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஈரத்தலையோடு வந்தபோது வெளியே பஸ் ஹாரன் கேட்டது. முருகேஸ்வரி தாளை மடித்துப் பிடித்து அடியில் கையெழுத்து மட்டும் வாங்கி, கவரில் போட்டு, நாலு பக்கமும் ஒட்டிக் கொடுத்தாள்.

அங்கே அதிகாரி கவரைக் கிழித்தார். காளிராஜ் சண்டைக்குத் தயாராகக் கையை மடக்கிக்கொண்டு நின்றார். அதிகாரி வாய்விட்டுப் படித்தார். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான கவனத்துக்கு.' ஒரே பக்கம். மடையின் அளவு, சர்வே நம்பர், போட்டோ, மழைக்கு இருக்கிற நாள் கணக்கு. தொந்தியைக் காணோம்.

இது என் மனு இல்லை என்று கத்த வாயைத் திறந்தார் காளிராஜ். அதற்குள் அதிகாரி பக்கத்து மேசை என்ஜினீயரைக் கூப்பிட்டுவிட்டார். நாற்காலி வந்தது. டீ வந்தது. டீ நன்றாகவே இருந்தது. அதிலும் அவரால் சண்டை போட முடியவில்லை.

ஒன்பதாம் நாள் மடையில் புது ஷட்டர் மாட்டினார்கள். சங்கத் தலைவர் மொக்கையன் ஊர் முன்னால் காளிராஜுக்கு மாலை போட்டு, பஸ் நிற்கிற விஷயத்துக்கும் இதே மாதிரி ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நெருப்பாக எரிந்தார்.

"யாரு மனுவை யாரு மாத்துறது?"

"அளவெல்லாம் உங்க ஃபைல்ல இருந்துதான் எடுத்தேன். கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"அப்ப உங்க மனுதான்."

கதவைப் படீரென்று சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பஸ் கம்பெனியை நார் நாராகக் கிழித்துவிடுவது என்று முடிவு. கால் மணி நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது.

"ஏத்தா, இந்தப் பணிவுக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

"மூணுங்க. ரெண்டு போட்டா குளுரும்."