உள்விடுதியும் ஒன்பதாவது கோரிக்கையும்

கேளிக்கைப் பூங்கா நிர்வாகம் வளையாதவருக்கு இழைத்த அநீதிகளை வரிசை பிசகாமல் முதலில் சொல்லிவிட வேண்டும். வரிசை பிசகினால் நியாயமும் பிசகும்.

முதல் அநீதி, அவருக்குக் கல்யாணமான நாற்பதாம் நாள் நடந்தது. புது மனைவியோடு வாசலில் நின்றவரை, சீட்டுக் கிழிப்பவன் "ஏய், தள்ளி நில்லு" என்றான். அவர் தள்ளி நிற்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கவைத்து அவர் எழுந்தபோது பூங்காவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் அநீதி, மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது. வாசலில் குழந்தைகளின் உயரம் பார்க்கும் கம்பத்தில் அரை அங்குலம் மோசடி. தான் வேலை பார்த்த பணிமனைக்குப் போய் இரும்பு அளவுகோலை எடுத்துவந்து, கூடி நின்றவர்கள் முன்னால் நிரூபித்தார். போய்வர மூன்று மணி நேரம். நிரூபித்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் அநீதி, அவர் ஓய்வு பெற்ற வாரம். வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீர்ப் பாட்டிலை வாசலில் பறித்தார்கள். தண்ணீர் மனிதனின் பிறப்புரிமை என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தொண்டை கட்டிவிட்டது. தண்ணீரோ அவர்களிடம் இருந்தது.

நான்காம் அநீதி இப்போது நடப்பது. பழுதுபார்க்கிறோம் என்று பூங்காவை ஒன்றரை வருஷம் மூடிப்போட்டார்கள். மூன்று தடவை திறப்பு நாள் அறிவித்து மூன்று தடவையும் தள்ளிவைத்தார்கள். நான்காவதாக ஒரு நாள் குறித்து, கீழே இரண்டு வரி சேர்த்தார்கள். "முதல் வாரம் பூங்காவின் உள்விடுதியில் தங்குவோருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்களுக்குப் பின்னர் அறிவிக்கப்படும்."

அந்தப் "பின்னர்" என்ற சொல்லோடு அவருக்கு முப்பது வருஷப் பகை. பேருந்துப் பணிமனையில் எஞ்சின் கழற்றி மாட்டிய காலமெல்லாம், சங்கச் செயலாளராக அவர் கொடுத்த மனுக்களுக்கு வந்த ஒரே பதில் அதுதான். வாயிற்கூட்டம் ஒன்றில் அவருக்கு "வளையாதவர்" என்று பட்டம் கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அப்பா வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தோடு சரி. கையெழுத்தாகவும் பட்டத்தையே கொட்டை எழுத்தில் போடுவார்.

அநீதிப் பட்டியலில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. மூன்று தடவையும் அவர் மனைவி ராட்சத ராட்டினத்தில் ஏறாமலே திரும்பினாள். வெளியே நின்று பார்த்தால் மதிலுக்கு மேலே ராட்டினத்தின் பாதிதான் தெரியும். முப்பத்தோரு வருஷமாக அவள் பார்த்தது அந்த மேல்பாதியை.

"என்னங்க, இந்தத் தடவை ராட்டினம் ஓடுதாமா?" என்று தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மூணு தடவை போன் பண்ணிட்டேன். ஒருத்தன் ஓடும்கறான். ஒருத்தன் ஓடாதுங்கறான். மூணாவது ஆள் 'முயற்சி நடக்குது'ங்கறான். ஒன்றரை வருஷமா முயற்சி! அந்த ராட்டினத்தை என் பணிமனையில விட்டிருந்தா ஒன்பது நாள்ல ஓட்டிக் காட்டியிருப்பேன்."

"சரி, தங்குறதுக்கு எங்க பார்க்கலாம்? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல ஒரு லாட்ஜ் இருக்கு. அங்கிருந்து அரை மணி நடக்கணும். வாசலுக்கு எதிர்லயே ஒண்ணு இருக்கு, ஆனா நாள் தள்ளிப்போச்சுன்னா ரூமும் போச்சாம். உள்விடுதியில அப்படி இல்ல. நாள் நகர்ந்தா ரூமும் கூடவே நகருமாம். உள்ள விடுறதும் அவங்களைத்தான்."

"உள்விடுதியா? முன்வாசல்ல மக்களைத் தடுத்துட்டுப் பின்வாசல்ல சலுகை காட்டுற இடத்துல நான் தங்குறதா? என் பிணம்கூட அங்க—"

"பிணத்துக்கு ரூம் கிடையாதுங்க. விதிமுறை எட்டு. படிச்சுட்டேன்."

வளையாதவர் எழுந்தார். கூடத்தில் நடந்தார். கூடம் ஆறு எட்டு நீளம்தான், ஆகவே அடிக்கடி திரும்பினார்.

"எதிர் லாட்ஜ்ல தங்குறோம். திறப்பு நாளன்னிக்கு வாசல்ல போராட்டம். எல்லாருக்கும் கதவு திறக்குற வரைக்கும் நான் காலெடுத்து வைக்கமாட்டேன். எழுது!"

முப்பத்தோரு வருஷமாக அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். முத்து முத்தான கையெழுத்து. நிர்வாகத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று நான்கு படி எடுப்பாள். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி தாள்களைப் படிக்கட்டுப்போல அடுக்கி நீட்டுவாள். அவர் மளமளவென்று போட்டுத் தள்ளுவார். "படிக்காமல் கையெழுத்துப் போடாதே" என்று பணிமனைச் சுவரில் ஆளுயரச் சிவப்பு எழுத்தில் எழுதிவைத்தவர் அவர்தான். ஆனால் அது தொழிலாளருக்குச் சொன்னது. தான் சொன்னதைத் தானே எதற்குப் படிப்பது?

அன்றும் சொல்லிக்கொண்டே போனார். எட்டுக் கோரிக்கை ஆயிற்று. எட்டு போதாதென்று தோன்றியது.

"ஒன்பது. உள்விடுதியில் தங்கும் சலுகைக்காரர்களின் பெயர்ப் பட்டியலைத் திறப்பு நாளன்று வாசலில், பொதுமக்கள் சாட்சியாக, ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும்!"

பேனா நின்றது.

"இது வேணுமாங்க?"

"ஏன், என்ன?"

"பாவம், யாராவது நமக்குத் தெரிஞ்சவங்களா இருந்துட்டா?"

"தெரிஞ்சவனா இருந்தா ரெண்டு தடவை வாசிக்கணும்! எழுது. ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் சொன்னதை மாத்தினதா சரித்திரம் உண்டா?"

"இல்லீங்க," என்று பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினாள். பிறகு தாள்களை அடுக்கி நீட்டினாள். ஐந்து இருந்தன.

"நாலுதானே?"

"மகளுக்கு ஒண்ணு. அப்பா கையெழுத்து வேணுமாம்."

வளையாதவரின் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்கவைக்கும் அளவுக்கு விம்மியது. ஐந்தாவது தாள் மட்டும் வழவழவென்றிருந்தது. மகளுக்காக நல்ல தாளாகப் போட்டிருக்கிறாள் என்று எண்ணி, மற்ற நான்கைவிடப் பெரிய எழுத்தில் போட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஒன்று முதல் எட்டுவரை நிராகரிப்பு. ஒன்பதாவது கோரிக்கை முழுமையாக ஏற்பு. அவருடைய பொதுவாழ்வில் எந்த நிர்வாகமும் எந்தக் கோரிக்கையையும் முழுமையாக ஏற்றதில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சாதிச்சுட்டீங்க! நான் மைக் செட்டோட வர்றேன். எங்க லைன்ல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்."

"சரித்திரம் திரும்புதுடா தம்பி."

"அண்ணி முகத்துல சந்தோஷமே இல்லையே?"

"அவளுக்கு வெற்றி பழக்கமில்ல," என்றார்.

திறப்பு நாள் இன்னொரு தடவை தள்ளிப்போனது. எதிர் லாட்ஜில் பிடித்த அறையும் கூடவே போனது. லாட்ஜ்காரரிடம் வாதாடி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை வாங்கினார். கட்டிலில் ஒரு கால் குட்டை. மனுவின் கோப்புப் படியை மடித்து முட்டுக் கொடுத்தார்கள். அவர் மனு ஒரு பாரத்தைத் தாங்கியது அதுதான் முதல் தடவை.

காலையில் வாசலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். வளையாதவர் முன்னால் நின்றார். மனைவி கையில் பெரிய பையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"பை எதுக்கு?"

"போராட்டம் எத்தனை நாள் போகுமோ!"

அந்த முன்யோசனை அவர் மனத்தைக் குளிரவைத்தது. பூங்கா அலுவலர் ஒலிபெருக்கியும் தாளுமாக வந்து, ஒன்பதாவது கோரிக்கையை வாசித்துவிட்டுப் பட்டியலைத் தொடங்கினார்.

"அறை ஒன்று. துணிக்கடை உரிமையாளர். துணிக்கடை உரிமையாளர்."

"வெட்கம்!" என்றார் வளையாதவர்.

"வெட்கம்! வெட்கம்!" என்றது கூட்டம்.

"அறை இரண்டு. பல் டாக்டர். பல் டாக்டர்."

"வெட்கம்! வெட்கம்!" எலக்ட்ரீஷியனின் மைக் செட் மதிலை அதிரவைத்தது.

"அறை மூன்று. ராட்டினத்துக்கு எதிர்ப் பக்கப் பால்கனி. வளையாதவர்."

கூட்டம் வாயைத் திறந்தபடி நின்றது. எலக்ட்ரீஷியன் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, இதுக்கும் வெட்கம் சொல்லணுமா?"

வளையாதவர் மனைவி பக்கம் திரும்பினார். "நான் எப்போ...?"

"அஞ்சாவது தாள்."

"எனக்குப் படிச்சுக் காட்டினியா?"

"நீங்க படிக்கக் கேட்டீங்களா? சுவத்துல மட்டும் அவ்வளவு பெரிசா எழுதினீங்களே!" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன்பதாவது வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அதில்லாம இருந்தா சத்தமில்லாம உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"நான் வரமாட்டேன். சபதம் போட்டிருக்கேன்."

"விதிமுறை பதினொண்ணு. கையெழுத்துப் போட்டவர் நேர்ல வந்தாத்தான் கூட வர்றவங்களை விடுவாங்க. நீங்க வரலைன்னா நானும் போக முடியாது." பையைக் கீழே வைத்தாள். "முப்பத்தோரு வருஷமா மேல்பாதியைத்தாங்க பார்த்திருக்கேன். கீழ்பாதி எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் எத்தனை கோரிக்கை வேணாலும் சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மதிலுக்கு மேலே ராட்டினம் மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது. முயற்சி பலித்துவிட்டது. அவர் பார்க்காத நேரம் பார்த்து, அவருடைய வலது கை கீழே இருந்த பையைத் தூக்கிக்கொண்டது.

அலுவலர் தொண்டையைச் செருமினார். தாளைச் சரிபார்த்தார். நிர்வாகம் ஒப்புக்கொண்டதில் ஓர் எழுத்துக்கூடக் குறையக் கூடாதல்லவா? நாற்பது பேர் சாட்சியாக, ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், இன்னும் உரக்க, இரண்டாவது முறையும் வாசித்தார்.

"வளையாதவர்!"