அபிஷேகப்பாக்கம் வழியாக ஜப்பான்

வீட்டை விட்டு ஓடிப்போவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் வழியனுப்ப மாட்டார்கள். போன இடம் சரிப்படவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பி வந்து சோற்றுக்கு உட்காரலாம். நான் அப்படித்தான் திருப்பூருக்குப் போனேன், பெங்களூருக்குப் போனேன், கோவாவுக்குப் போனேன், வந்தேன். நாள் பார்த்து, ஆரத்தி சுற்றி, முறையாக என்னை அனுப்பிவைத்தது ஒரே ஒரு முறைதான். அந்தப் பயணம்தான் சந்தி சிரித்தது.

எங்கள் ஊர் செலியமேடு. அப்பா கரும்பு வெட்டுகிறவர். அவர் இறந்துபோன வருஷமே என் படிப்பும் போனது. பிறகு பனியன் கம்பெனி, கட்டட வேலை, கோவாவில் ஓட்டல் என்று சுற்றினேன். ஆங்கிலம் கற்றதும் அந்த ஓட்டலில்தான். தட்டு கழுவும் இடத்திலிருந்து மேசை துடைக்கும் இடத்துக்கு வந்தபோது பாதி ஆங்கிலம் வந்தது. மேசையிலிருந்து வரவேற்பறைக்கு வந்தபோது மீதி வந்தது. நடுவில் தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கிவிட்டேன். (வாங்கினேன் என்றுதான் சொல்கிறேன். படித்தேனா என்று கேட்காதீர்கள்.)

கடைசியாகப் பாண்டிச்சேரி டவுனில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. அங்கே வந்து தங்கியவர்தான் மிச்சிகோ அம்மா. ஜப்பானில் கடலோரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறவர். விடுதிக்காரரின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் ஆங்கிலத்தில் கூத்தடிப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கள் பள்ளிக்கு விண்ணப்பம் போடுங்களேன்" என்றார். போட்டேன். செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசினார்கள். "விரைவில் சொல்கிறோம்" என்று முடித்தார்கள்.

நான் உடனே என்ன செய்தேன்? விடுதி வேலையை விட்டேன். ஜப்பானுக்குப் போகிறவன் இன்னொருவர் அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதா என்று ஒரு ரோஷம். (அறிவு கொஞ்சம் குறைவாக இருந்த வயது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று என் மனைவி கேட்பாள்.) கையில் இருந்த ஒரே வேலையும் போனதால், ஜப்பான் கிடைக்காவிட்டால் மறுபடி சித்தாள் வேலைதான்.

செலியமேட்டுக்கு வந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றார்.

"இன்னாடா சொன்னாங்க?"

"சொல்றோம்னு சொல்லியிருக்காங்கம்மா."

அம்மா யோசித்தார். "பொண்ணு பாக்க வர்றவங்க, வூட்டுக்குப் போயி சொல்றோம்னா வேணான்னு அர்த்தம். இவங்க எங்கேர்ந்து பேசுனாங்க?"

"அவங்க வூட்லேர்ந்துதான்."

"அப்ப வூட்டுக்குப் போயிதான சொல்லணும்? வூட்லயே இருந்துகினு சொல்றோம்னு சொல்டாங்க. முடிஞ்சிது. சரின்னுதான்டா அர்த்தம்!"

இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே அம்மா ஜோசியக்காரரிடம் என்னை இழுத்துப்போனார்.

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். ஆடி பிறக்கப்போகிறது, பிறந்துவிட்டால் தூரதேசப் பயணத்துக்கு நாள் கிடையாது என்றார். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. ஆள் கிளம்புவதற்கு முன்பே, நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவது. அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெரிய பேர். எங்கள் வீட்டில் 'பொட்டிய வெளிய வெக்கிறது', அவ்வளவுதான்.

"பொட்டி போனா போதும், தம்பி போவ வேண்டியதில்ல" என்றார் ஜோசியக்காரர்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "இவன் எங்க போனாலும் திரும்பி வந்துட்றான் சாமி. பொட்டிய மட்டும் அனுப்புனா பொட்டி ஜப்பானுக்குப் போயிடும், இவன் இங்கியே குந்தினு இருப்பான். ஆளையும் சேத்து அனுப்பிட்றேன்."

ஆக, ஆனி முடிவதற்குள் நான் ஜப்பானுக்குக் கிளம்பினேன். தெருவே திரண்டு வந்தது. ஆரத்தி எடுத்தார்கள், ஷேர் ஆட்டோவின் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "ஏர்போர்ட்டு மெட்ராஸ்ல தான இருக்குது, ஆட்டோ ஏன் இப்படி திரும்பி நிக்குது?" என்று கேட்டார். அம்மா பெட்டியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "திரும்பிப் பாக்காத. ஜப்பான் போயி சேர்ற வரைக்கும் இந்த வாசப்படிய மெறிக்கக் கூடாது. பொட்டியையும் தொறக்கக் கூடாது."

ஆட்டோ நேராக அபிஷேகப்பாக்கம் போய் நின்றது. அங்கேதான் அப்பாவின் தங்கை, என் பூங்காவனம் அத்தை இருக்கிறார். அவர் என் பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, ஒரு செம்பருத்தியும் சொருகினார். பெட்டிக்குள்ளேதான் என் நல்ல சட்டை, பேண்ட், ஷூ எல்லாம். வெளியே எனக்கு இருந்தது இரண்டு லுங்கி, ஓர் உரக் கம்பெனி பனியன்.

ஜப்பானில் இருந்து பதில் வரவில்லை. செலியமேட்டிலிருந்து ஆள்கள்தான் வந்தார்கள். கடைத்தெருவில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, ஜப்பான்லேர்ந்து எப்ப வந்த?"

"இன்னும் போவலண்ணே."

"பின்ன அன்னிக்கு ஆரத்தி எடுத்தாங்களே?"

"இது வழியிலண்ணே."

அவர் முருங்கைக்காயையும் லுங்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார். அதன் பிறகு நான் பகலில் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்குள் சிக்னல் வராது. மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் வரும். ஒரு காலையில் அங்கே பல் துலக்கியபடி செல்போனைப் பார்த்தால் மிச்சிகோ அம்மாவின் கடிதம்! இன்று இந்திய நேரம் பத்து மணிக்குக் கடைசிச் சுற்று. பள்ளி நிர்வாகியும் இருப்பார். குழந்தைகளுக்கு ஒரு சின்னப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்கள் நேற்றே அனுப்பிவிட்டார்கள், நேற்று நான் மாடி ஏறவில்லை. மணி ஒன்பதரை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, சாவிய யார்கிட்டயாவது குடுத்தனுப்பு. பொட்டிய தொறக்கணும்."

"தொறந்தா பயணம் கெட்டுப்பூடும்டா. ஜப்பான்ல போயி தொற."

"ஜப்பான் போறதுக்குத்தாம்மா தொறக்கணும்!"

"அதெல்லாம் முடியாது. லுங்கி கட்டினு பேசு. நம்பள மாதிரி ஆளுங்கதான அவங்களும்?"

கீழே ஓடிப் பூட்டை உடைக்கலாம் என்று பார்த்தேன். அத்தை பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். "எங்க அண்ணிக்கு நா பதில் சொல்ல முடியாதுப்பா."

அப்போது மாமா உள்ளே போய் ஒரு கோட்டுடன் வந்தார். மாமாவுக்குப் பேண்டு செட்டில் கிளாரினெட். கல்யாண ஊர்வலத்தில் போடுகிற சிவப்பு கோட்டு அது. நெஞ்செல்லாம் தங்க நிறப் பட்டி, இரண்டு தோளிலும் ஜரிகைக் குஞ்சம்.

"போடு மாப்ள. கலெக்டர் மாதிரி இருப்ப."

கண்ணாடியில் பார்த்தேன். கலெக்டர் மாதிரி இல்லை. கலெக்டரின் மகள் கல்யாணத்தில் முன்னால் நடந்துபோகிறவன் மாதிரி இருந்தது. வேறு வழியில்லை. மாடிக்கு ஓடி, இடுப்புக்குக் கீழே லுங்கி தெரியாதபடி செல்போனைத் தொட்டியின் மேல் சாய்த்துவைத்தேன்.

சரியாகப் பத்துக்கு முகங்கள் வந்தன. மிச்சிகோ அம்மா, டை கட்டிய பெரியவர் ஒருவர், ஐந்து வயது மதிக்கத்தக்க இரண்டு குழந்தைகள். பெரியவர் என் கோட்டைப் பார்த்துத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். என்ன பதவி என்று நினைத்தாரோ தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மாடியில் செல்வி அக்கா வந்துவிட்டார். ஜப்பான்காரர்கள் வந்திருப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார். அக்காவின் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"சாப்ட்டாங்களான்னு கேளு."

"அக்கா, சும்மா இருங்க!"

"வந்தவங்கள கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்? கேளேன்."

கேட்டேன். மிச்சிகோ அம்மா முகம் மலர்ந்து பதில் சொன்னார்.

"சாப்ட்டாங்களாம்."

"இன்னா கொழம்பு?"

"மீனாம்."

"இன்னா மீனு?"

"தெரியாதுக்கா!"

"கேட்டாதான தெரியும்?"

இதை ஒரு வழியாகக் கடந்து பாடத்தைத் தொடங்கினேன். கை தட்டு, குதி, சுற்று. மூன்றே ஆங்கிலச் சொற்கள். "கிளாப்!" என்று நான் கைதட்டினேன். இரண்டு குழந்தைகளும் தட்டின. பக்கத்து மாடி முழுக்கத் தட்டியது. "ஜம்ப்!" என்றேன். ஜப்பானும் குதித்தது, அபிஷேகப்பாக்கமும் குதித்தது. செல்வி அக்கா காயவைத்திருந்த வடகத்தின் மேலேயே குதித்தார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. டை கட்டிய பெரியவர்கூட உட்கார்ந்தபடி கொஞ்சம் எம்பினார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கிடைத்துவிட்டது.

அது அத்தைக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் வினை.

"கண்ணு பட்டுடும்பா" என்றபடி தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு அத்தை மாடிக்கு வந்தார். முதலில் செல்போனுக்குச் சுற்றினார். மிச்சிகோ அம்மா கைகூப்பினார். பிறகு எனக்குச் சுற்றினார். நான் "டர்ன் அரௌண்ட்!" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே சுற்றினேன். தோள் குஞ்சமும் சுற்றியது, தட்டைத் தொட்டுவிட்டு வந்தது.

எனக்கு முதலில் தெரியவில்லை. திரையில் பெரியவர் எழுந்து நின்று என் தோளைச் சுட்டிக்காட்டினார். மரியாதை செய்கிறார் என்று நினைத்து நானும் வணக்கம் வைத்தேன்.

"எரியுது மாப்ள!" என்று கத்திக்கொண்டே மாமா தொட்டியில் வாளியை விட்டு மொண்டு வீசினார். வாளித் தண்ணீரில் கால்வாசி எனக்கு, முக்கால்வாசி செல்போனுக்கு. சிவப்பு கோட்டில் தோள் எரிய ஒருத்தன் கும்பிட்டு நிற்பதையும், எங்கிருந்தோ தண்ணீர் பாய்ந்து வருவதையும்தான் ஜப்பான் கடைசியாகப் பார்த்தது. எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. கோட்டுக்குத்தான் ஒரு பக்கக் குஞ்சம் போயிற்று. அந்த வருஷக் கல்யாணங்களில் எல்லாம் மாமா ஒற்றைத் தோளோடுதான் வாசித்தார்.

செல்போனை அரிசிப் பானைக்குள் புதைத்தோம். நனைந்த போனுக்கு அதுதான் வைத்தியம். அத்தை சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம், "இன்னும் சொல்லலியாப்பா அவங்க?" என்று பானையைப் பார்த்துக் கேட்பார். ஒருவழியாகப் போன் உயிர்பிடித்ததும் தொட்டியோரம் போய் நின்றேன். கடிதம் இருந்தது.

முதல் வரியில் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். குழந்தைகள் அன்று மாலை வரை 'ஜம்ப்' சொல்லிக் குதித்தார்களாம், இப்படி ஒரு பாடத்தை நிர்வாகி பார்த்ததே இல்லையாம். 'ஆனால் எங்கள் பள்ளிக் கட்டடம் முழுக்க மரத்தால் ஆனது. எனவே வருத்தத்துடன்...'

அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்கு வருகிறேன் என்றேன்.

"ஆடியில வெளிய போவ ஆவாது. உள்ள வர மட்டும் ஆவுமா? ஆவணி பொறக்கட்டும், நாள் பாத்து அழைச்சிக்கிறேன்" என்றார். அப்புறம், "சாப்ட்டியாடா?" என்றார். நானும் சாப்பிட்டேன் என்றுதான் சொன்னேன்.

அந்த ஆடி முழுக்க மாடியில் குந்திக்கொண்டிருந்தேன். செல்வி அக்கா முதலில் தன் பிள்ளைகளை ஏற்றிவிட்டார். "அன்னிக்கு ஜப்பான் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தியே, அத இதுங்களுக்கும் குடு. நெருப்பு மட்டும் வேணாம்." பிறகு அடுத்த தெருப் பிள்ளைகள் வந்தார்கள். ஆவணி பிறந்தது, பெட்டி செலியமேட்டுக்குத் திரும்பியது, நான் மட்டும் தினமும் சாயங்காலம் அந்த மாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது மாடியில் கொட்டகை போட்டிருக்கிறோம். நான் விட்டு ஓடாத ஒரே வேலை இதுதான்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கு அபிஷேகப்பாக்கம் என்று ஓர் ஊரே கிடையாது. "ஜப்பான்ல மழையா?" என்று அம்மா அத்தைக்குப் போன் போடுவார். "ஜப்பான்ல கரண்டு இல்ல அண்ணி" என்பார் அத்தை. போன மாதம் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனபோது, அம்மா பழக்கத்தில் கண்டக்டரிடம், "ஜப்பான் ரெண்டு குடுப்பா" என்று கேட்டுவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அபிஷேகப்பாக்கம் வந்ததும் விசில் ஊதி நிறுத்தி, உரக்கக் கத்தினார்:

"ஜப்பான்லாம் எறங்கு! படியில நிக்காத, எறங்கு!"