வெளிச்சத்துக்கு எதிரே ஓர் இடுப்பெலும்பு

மருத்துவமனைக்குள் மூன்று வகை மனிதர்கள் உண்டு: வைத்தியம் பார்ப்பவர், வைத்தியம் பார்த்துக்கொள்பவர், எக்ஸ்ரே பார்ப்பவர். முதல் இருவரை விடுங்கள். இது மூன்றாமவரைப் பற்றியது.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அக்குளில் ஒரு பெரிய பழுப்பு உறை இருக்கும். உள்ளே இருக்கும் எலும்பு யாருடையதோ, ஆனால் தானே பெற்று வளர்த்த மாதிரி யார் கையிலும் கொடுக்கமாட்டார். நோயாளியை ஒரு வார்த்தை நலம் விசாரிப்பதற்கு முன்னால் படத்தை உருவி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ச்சு..." என்பார். பாதி சொந்தக்காரர்கள் அங்கேயே அழுதுவிடுவார்கள். மீதிப் பேர், "என்ன சித்தப்பா, சொல்லுங்க!" என்பார்கள். இதற்குத்தானே ஐயா அவர் பஸ் பிடித்து வந்தார்?

நம் சித்தப்பாவையே எடுத்துக்கொள்வோம். பார்த்த உத்தியோகம், தபால் பிரிப்பது. எலும்பு சாஸ்திரம் கற்றது, சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தபோது. அந்த ஞானம் போதாதா?

அவருடைய அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துபோயிற்று. மறுநாள் காலை ஆபரேஷன். சித்தப்பா அந்தப் படத்தை ஜன்னலில் பார்த்தார், ட்யூப் லைட்டில் பார்த்தார், பக்கத்துக் கட்டில்காரருக்கும் காட்டினார். மூலையில் இருந்த இங்கிலீஷ் 'ஆர்' எழுத்தைக் கம்பெனி முத்திரை என்றார்.

நர்ஸ் ஒரு படிவமும் மார்க்கர் பேனாவுமாக வந்தாள். கத்தி வைக்கப்போகும் காலில் முன்கூட்டியே அம்புக்குறி போட வேண்டும், அதையும் நோயாளியைக் கேட்டுத்தான் போட வேண்டும். அது அங்கே சட்டம்.

"எந்தக் காலும்மா?"

"இடது," என்றார் சித்தப்பா.

"வலது தம்பி," என்று முனகினாள் அண்ணி.

"அண்ணி, வலிக்கிறது வலதுல. ஒடஞ்சது இடதுல. வலி அப்படித்தான் எடம் மாறும். எனக்கு மணிக்கட்டு போனப்ப தோள்பட்டைதானே வலிச்சுது? இதோ, படமே சொல்லுதே!"

ஊசி மயக்கத்தில் இருந்த அண்ணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை இடதாத்தான் இருக்குமோ?" என்றாள். நர்ஸ் பேனாவை மூடினாள். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். புண்ணியவதி!

டாக்டரம்மா வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கினார். வலது கால் இடதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. விழுந்ததிலிருந்து அங்கேதான் கிடந்தது. சித்தப்பாவுக்குத்தான் படத்தைவிட்டுக் கீழே பார்க்க நேரமில்லை.

"சார், படத்துல இருக்கறவங்க நம்மளைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நமக்கு இடதுன்னா அவங்களுக்கு வலது. அந்த 'ஆர்' வலதுக்குத்தான் போட்டிருக்கு."

"அதைத்தானே டாக்டர் நானும் சொன்னேன்? என் பக்கத்துலேருந்து பாத்தா..."

வார்டே சிரித்தது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, உயிர் போகுது!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள் அண்ணி. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நர்ஸ் தன் பேச்சை நம்பியிருந்தால்? சின்ன வயதில் தனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளின் நல்ல காலையல்லவா அறுத்திருப்பார்கள்? படத்தை உறைக்குள் போட்டு நர்ஸ் கையில் கொடுத்தார், அதுவே அவருக்குப் பெரிய ஆபரேஷன்.

வலது காலில் அம்புக்குறி விழுந்தது. படிவத்தில் கட்டம் நிரம்பியது. "சிஸ்டர், அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க," என்றாள் அண்ணி. இடது தொடையில் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினாள்:

"இது தம்பி சொன்ன கால். தொடாதீங்க."

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் போனில் யாரோ அனுப்பிய கை எக்ஸ்ரேயை இரண்டு விரலால் பெரிதாக்கி, "ஒண்ணுமில்ல, லேசான விரிசல்தான்" என்று பதில் போட்டீர்களே, அந்தக் கை யாருடையது, எந்தப் பக்கம் என்றாவது கேட்டீர்களா?