எண்பத்துநாலு சிடியும் ஒரு காரும்

அன்று காருக்குள் நான்கு பேரும் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஆபீஸில் பழைய கோப்புகளைக் காக்கும் பதிவறைக்காரர். பக்கத்தில் மனைவி, மடியில் ஃபிளாஸ்க். அவளுக்குப் பின்னால் பதின்மூன்று வயது மகள். பதிவறைக்காரருக்கு நேர் பின்னால், கண்ணாடியில் பார்த்தாலும் முகம் தெரியாதபடி சாய்ந்துகொண்டு, அவருடைய அண்ணன். மகளுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டி.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அப்பா போன பிறகு அவருடைய கார் தம்பிக்கு வந்தது. அந்தக் காரில் அவர் போட்டுக் கேட்ட எண்பத்துநாலு சிடியையும் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் இருந்தவரிடம் பாட்டு இல்லை. பாட்டு இருந்தவரிடம் கார் இல்லை. தம்பி ஒரு கடிதம் எழுதினார். அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. அதோடு பேச்சு நின்றது.

இப்போது அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போனில் உத்தரவு போட்டுவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே கார்ல வரணும். பேசிக்கிட்டே உள்ள நுழையணும். இல்லேன்னா வாசலோட திரும்பிடுங்க. என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க!"

அக்கா சொன்னால் சொன்னதுதான். மூன்று மணி நேரப் பயணத்தில் அரை மணி நேரம் போயிருந்தது. எஞ்சின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு சிடியை எடுத்தார். "இதைப் போடச் சொல்லும்மா உங்கப்பாவை."

"அப்பா, பெரியப்பா..."

"காதுல விழுந்துது. பிளேயர் செத்து ஒன்பது வருஷமாச்சுன்னு சொல்லு. பிளேயர் போனப்புறம் சிடியைத் தூக்கிட்டு வர்றது, பல்லு போனப்புறம் முறுக்கு நீட்டற மாதிரின்னும் சொல்லு."

மகள் திரும்பினாள். "பிளேயர் வேலை செய்யலையாம் பெரியப்பா."

முறுக்கை அவள் முழுங்கிவிட்டாள்.

"திறந்து பாக்கலாமேம்மா?"

"வேணாம்!" என்றாள் மனைவி. கேட்டது மகளை, பதில் வந்தது முன் சீட்டிலிருந்து. "அதைத் தொட்டா எல்லாமே போயிடும். நான் போன்ல போடறேன்."

பிளேயர் விஷயத்தில் அவள் எப்போதும் அப்படித்தான். மூன்று தடவை ரிப்பேருக்குக் கிளம்பியவரை மூன்று தடவையும் வாசலிலேயே மடக்கியிருக்கிறாள். பாட்டுக் கேட்டால்தான் சக்கரம் சுற்றுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி என்று அவரும் விட்டுவிட்டார்.

போனை ஸ்டீல் டம்ளருக்குள் நிற்கவைத்தாள். சத்தம் கணீரென்று வந்தது. அப்பாவுக்குப் பிடித்த பாட்டுதான். அண்ணன் கண்ணை மூடினார். பதிவறைக்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். முதல் சரணம் முடிகிற இடத்தில் டம்ளருக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்:

"தலைமுடி கொட்டுகிறதா? முழு வழுக்கையா? கவலை வேண்டாம்!"

அண்ணனுக்கு முப்பது வயதிலேயே முழு வழுக்கை.

"சொல்லிக்காட்டறதுக்கு இப்படியும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காருன்னு சொல்லும்மா உங்கப்பாகிட்ட."

"பாட்டு நல்லாருக்காம்பா" என்றாள் மகள்.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியபோது மனைவியே இறங்கிப் போய் ஒரு சின்னக் கருவி வாங்கிவந்தாள். சிகரெட் லைட்டர் துளையில் சொருகினால் போனில் இருப்பது கார் ரேடியோ வழியாகப் பாடும்; செட்டில் செத்திருந்தது சிடி பகுதி மட்டும்தான். பாடியது. இரண்டு கிலோமீட்டர் வரை நன்றாகவே பாடியது. பிறகு பாட்டு தானாகத் தாழ்ந்து, செய்தி வாசிப்பவர் போன்ற ஒரு குரல் நாலு ஸ்பீக்கரிலும் முழங்கியது.

"அண்ணியிடமிருந்து புதிய செய்தி. ரெண்டு எருமையும் பேசிக்கிச்சா?"

மனைவியின் போனில் அக்காவுக்கு 'அண்ணி' என்று பெயர். இரண்டு எருமைகளும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தன. பதிவறைக்காரர் ஆத்திரத்தில் கருவியைப் பிடுங்கினார். பொறி பறந்தது, ஃபியூஸ் போனது, கூடவே ஹாரனும் போனது.

ஹாரன் இல்லாமல் ஊர்ந்துகொண்டே அவர் கடிதங்களை நினைத்தார். ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் எழுதாத உலகம் இப்படித்தான் இருக்கும். அவரிடம் ஒரு நோட்டு உண்டு. அனுப்பிய தேதி, பெறுநர், பொருள், பதில் என்று நாலு கட்டம். வீட்டுக்காரரை 'ஈரச் சுவரில் மனிதரை ஊறவைப்பவரே' என்று விளித்து எழுதினார். மேலதிகாரிக்கு, 'உங்கள் திறமையின்மை குறித்து' என்று பதினோரு பக்கம். எல்லாவற்றையும் மகள்தான் ஓடிப்போய்த் தபாலில் சேர்ப்பாள். நாலாவது கட்டத்தில் இதுவரை ஓர் எழுத்து விழவில்லை. ஆனாலும் பலன் இல்லாமலில்லை. வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். மேலதிகாரி பதவி உயர்வே கொடுத்தார். எழுத்துக்குப் பயம் இருக்கிறது, மரியாதைதான் இல்லை என்பது அவர் கணிப்பு.

வழியில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் கடை இருந்தது. அவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"செட்டைக் கழட்டித்தான் சார் ஆகணும். சிடி எல்லாம் எந்தக் காலம்? பழைய ஸ்க்ரீன் செட் ஒண்ணு கிடக்கு, மாட்டித் தர்றேன். பென் டிரைவ் சொருகலாம்."

"கழட்டக் கூடாது!" என்றாள் மனைவி. "பஸ்ல போயிடலாம்."

"இடுப்பு ஒடிஞ்சவ காத்திட்டிருக்கா, பஸ்ஸாம்" என்றார் பதிவறைக்காரர். எலக்ட்ரீஷியன் அதற்குள் செட்டை உருவிவிட்டான். தலைகீழாகத் தட்டினான். அதன் வாயிலிருந்து ஓர் உறை விழுந்தது.

கையகல உறை. தபால்தலை ஒட்டி, இரண்டு முறை அடிக்கோடிட்ட முகவரி. அண்ணன் குனிந்து எடுத்தார்.

"இது என் பேருடா."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

"நாலு வயசு, அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் மனைவி, ஃபிளாஸ்க் மூடியைத் திருகியபடி. "போஸ்ட் ஆபீஸ் வாசல்ல வண்டியை நிறுத்திட்டு, லெட்டரை அவ கையில குடுத்துட்டு, நீங்க பழம் வாங்கப் போயிட்டீங்க. பிளேயர் ஓட்டையைப் பாத்திருக்கா, போட்டிருக்கா."

மகள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அண்ணன் உறையைத் தம்பியிடம் திருப்பிக் காட்டினார். "நீ எழுதினியாடா? அப்பா போனப்புறம் ஒரு வரிகூட எழுதலையேன்னுதான் நான் விட்டுட்டேன். இனிமே சிடி போடற காரே வராதுன்னாங்க. கீறல் விழறதுக்குள்ள காப்பி பண்ணி உனக்கும் தரலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன். சொல்லாம எடுத்தது தப்புதான்." சட்டைப் பையிலிருந்து நகமளவு பென் டிரைவ் ஒன்றை எடுத்தார். "எண்பத்துநாலும் இதுல இருக்கு. அப்பவே பண்ணிட்டேன்."

பதிவறைக்காரரின் கண் பென் டிரைவில் இல்லை, உறையில் இருந்தது. அந்த உறைக்குள் இருக்கும் முப்பத்தாறு வரியும் அவருக்கு மனப்பாடம். முதல் வரி, 'அப்பாவின் பாட்டைத் திருடியவனே'. கடைசி வரி, 'இனி நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே'. அண்ணனை வாழ்க்கையில் முதல்முறையாக 'நீ' என்று எழுதிய கடிதம்.

அண்ணன் உறையின் ஓரத்தைக் கிழிக்கப் போனார்.

"அண்ணா, அதைக் குடுங்க!"

ஒன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

"ஏன்டா?"

"பழசுண்ணா. விஷயமெல்லாம் மாறிப்போச்சு."

"அப்படி என்ன விஷயம்?"

"நலம், நலமறிய ஆவல். வேற என்ன?"

"அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"தபால்ல போகாத கடிதம் கடிதமே இல்லைண்ணா. முறைப்படி அது இன்னும் அனுப்புநருக்குத்தான் சொந்தம். நான் புதுசா எழுதி அனுப்பறேன்."

அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பதிவறைப் புத்தி போகுமா? சரி, பிடி. ஆனா என் கண்ணு முன்னால எழுது. தபால்லதான் வரணும். தபால்காரன் வாசல்ல நின்னு என் பேரைக் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு."

பதிவறைக்காரர் பழைய உறையை வாங்கி உள்பையில் புதைத்தார். ஸ்க்ரீன் செட் ஏறியது. பென் டிரைவ் சொருகியதும் பட்டறை முழுக்க அப்பாவின் பாட்டு நிறைந்தது. அவர் பானெட் மேல் தாளை வைத்து எழுதினார். இந்த முறை நாலே வரி. 'நீங்கள்' என்று எழுதினார். 'மன்னியுங்கள்' என்றும் எழுதினார். காரில் எப்போதும் வைத்திருக்கும் உறையில் போட்டு, ஒட்டி, தபால்தலையை நாலு மூலையும் அழுத்தி, நோட்டில் பதிந்தார். நாலாவது கட்டத்தை விரலால் தடவிக்கொடுத்தார். இதற்காவது பதில் வரும்.

அண்ணன் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மனைவி பின்னால் போய் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதிர்ப்பக்கம் தபால்பெட்டி இருக்கு பாரு" என்று பதிவறைக்காரர் மகளிடம் கடிதத்தைக் கொடுத்தார். "ஓடிப்போய்ப் போட்டுட்டு வா. அத்தை காத்திட்டிருப்பா."

மகள் இரண்டடி போனாள். நின்றாள். திரும்பி வந்து பின் ஜன்னலில் குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத நேரம் அது.

"அம்மா, இதை நெஜமாவே தபால்ல போட்டுடவா?"